வாசலில் சப்பாத்து இல்லாத வீடு

உங்கள் நகரசபை இன்ஸ்பெக்டர்களின் மதிய உணவுக் கூட்டத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். முழங்கால் இரண்டும் சரியில்லை. மைக்கைக் கண்டால் எனக்கு இப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே வாசியுங்கள். வீட்டுத்தர விதிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவை உங்கள் கணினியில் இருக்கின்றன, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் களைப்புப் போகவில்லை. மற்றவர்கள் வீட்டு வாசலில் அழையாத விருந்தாளியாக நின்று நின்று வந்த களைப்பு அது. நித்திரை கொண்டால் போகிற வகை இல்லை. உங்களுக்கும் வரும். வராவிட்டால் வேலையை நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில், சுற்றியிருந்த நகரசபைகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ரொறன்ரோ ஆக்குவதற்கு முன்னர், எங்கள் நகரசபை தனி நகரசபை. வீடுகளைப் பரிசோதிக்கும் பிரிவில் நான்தான் முதல் தமிழன். எனக்குத் தந்த பகுதி வெக்ஸ்போர்ட். அந்த வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலகப்போர் முடிந்த கையோடு கட்டிய ஒற்றைத் தட்டுச் செங்கல் வீடுகள். முன்னால் ஒரு பெரிய யன்னல், முற்றத்தில் ஒரு மரம், பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு. கட்டியவர்கள் அந்தப் பக்கக் கதவை வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வேலையால் சேறும் சகதியுமாக வருகிறவன் வரவேற்பறையை ஊத்தையாக்காமல் நேரே நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றுக்கு இறங்கி, உடுப்பைத் தோய்க்கப் போட்டுவிட்டு மேலே வரட்டும் என்பதுதான்.

முதலில் அங்கே இருந்தவர்கள் ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்துக்காரரும். அவர்கள் கீழே பழைய சாமான் போட்டுவைத்தார்கள். பிறகு வந்த கிரேக்கரும் இத்தாலியரும் தக்காளிச் சாற்றைப் போத்தலில் அடைத்து அடுக்கினார்கள், திராட்சை பிழிந்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் வந்தோம். நாங்கள் கீழேயே குடியிருந்தோம். எங்கள் சனம் எத்தனையோ பேர் கனடாவுக்குள் நுழைந்தது அந்தப் பக்கக் கதவால்தான்.

எனக்கு வருகிற புகார்களில் பாதி அந்தக் கதவைப் பற்றியவைதான். இந்த வீட்டுக்குள் ஆட்கள் கூடிப் போய்விட்டார்கள், குப்பைப் பை கூடிப் போய்விட்டது, கார் கூடிப் போய்விட்டது என்று வரும். போய்க் கேட்டால் எல்லோரும் ஒரே குடும்பம் என்பார்கள். ஒருவர் மச்சான், ஒருவர் சித்தப்பாவின் மகன், மற்றவர் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி. என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர்கள் அதையெல்லாம் எழுதிக்கொண்டு தலையைச் சொறிவார்கள். நான் அப்படிக் கஷ்டப்படவில்லை. எனக்கு ஒரு சுகமான வழி தெரிந்திருந்தது.

நான் சப்பாத்துகளை எண்ணினேன்.

எங்கள் ஆட்கள் பொய் சொன்னாலும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்க மாட்டார்கள். பக்கக் கதவைத் திறந்ததும் படிக்கட்டின் மேல் தட்டில் எல்லாம் கிடக்கும். தொழிற்சாலைக்குப் போடும் இரும்பு முனைச் சப்பாத்து நாலு சோடி என்றால் ஆண்கள் நாலு பேர். சின்னப் பனிச்சப்பாத்து இரண்டு சோடி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு. ஒரு கேள்வி கேட்காமல் அரை நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடும். என் மேலதிகாரி மற்றவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமைப்பட்டார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று. ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர் சுற்றியிருக்க, அந்த வித்தையை நான் வாய்விட்டுச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கழுத்தில் தொங்கிய அட்டையில் நகரசபைச் சின்னம் இருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் சனத்துக்கு முகம் வெளிறும். அரசாங்க அட்டை எதுவானாலும் அது இமிக்ரேஷன்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்த வீடுகளில் அந்தப் பயம் நல்லாகவே தெரியும். நான் குப்பையையும் யன்னலையும் பார்க்க வந்தவன், உங்கள் கேஸுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்வதற்குப் பத்து விநாடி போதும். நான் சொல்லவில்லை. பயந்தால் கதவு கெதியாகத் திறந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பயம் எனக்கு வசதியாக இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி மாதம். மூக்குமயிர் உறைகிற குளிர். ஒரு வீட்டின் பேஸ்மென்றில் களவாக ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக் கிரேக்க அம்மா புகார் தந்திருந்தார். நான் முற்பகல் பதினொரு மணியளவில் போனேன். வீட்டுக்காரர் நேசன் என்பவர் கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு இடத்தில் வேலை செய்கிறவர் என்று கண்ணுக்குக் கீழே பார்த்தாலே தெரிந்தது. என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். தன்னுடைய அக்கா கல்யாணம் செய்தது எங்கள் ஊரில்தான் என்றார். மாப்பிள்ளையின் தகப்பனை எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் பாதி இன்ஸ்பெக்டர், பாதி உறவுக்காரன்.

பேஸ்மென்றைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை.

"தாராளமாப் பாருங்கோ அண்ணை. கீழை ஒருத்தரும் இல்லை, சாமான்தான் கிடக்கு."

பக்கக் கதவடிக்குப் போனோம். படிக்கட்டின் மேல் தட்டில் ஒரேயொரு சோடி சப்பாத்து இருந்தது. அது அவருடையது. கால்மிதியில் ஈரம்கூட இல்லை. என்னுடைய கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. கீழே இறங்கியது சும்மா கடமைக்காக.

கீழே ஒரு கூடம், துணி தோய்க்கும் மெஷின், மூலையில் ஒரு அடுப்பு. அடுப்பின் மேல் பேப்பர் விரித்திருந்தது, தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைச் சுற்றிப் புதிதாகப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். அதையொட்டி ஒரு அறை, கதவு பூட்டியிருந்தது. திறப்பு மனைவியிடம் இருக்கிறது, அவர் வேலைக்குப் போய்விட்டார் என்றார் நேசன். திறந்து காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இப்போதுதான் இந்த மனிதர் கையால் தேத்தண்ணி குடித்தேன், அவருடைய அக்காவின் மாமனாரை விசாரித்தேன், என்ன முகத்தோடு கேட்பது என்று விட்டுவிட்டேன். பெயருக்கு இரண்டு தட்டுத் தட்டினேன். சத்தமில்லை. "ஒருத்தரும் இல்லை, சரி" என்று உரக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. கூடத்துச் சுவரின் உச்சியில் இருந்த சின்ன யன்னலில் குளிருக்குப் பிளாஸ்ரிக் ஒட்டியிருந்தார்கள். அதன் உட்பக்கமெல்லாம் தண்ணீர் வழிந்தது. சோறு காய்ச்சியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டைப் பார்த்து முடித்து, ஒரு கோப்பிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு அறிக்கை எழுதினேன். குடியிருப்போர் இல்லை, நடவடிக்கை தேவையில்லை. கையெழுத்தும் போட்டாயிற்று. சான்ட்விச்சைப் பிரித்தபோது அந்த யன்னல் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. சோறு காய்ச்சியது யார்? அடுப்பின் மேல் பேப்பர் கிடந்தது, அடுப்புச் சில்லென்று இருந்தது. யாராவது சமைத்திருந்தால் கீழே ஆள் இருக்கிறது. யாரும் சமைக்கவில்லை என்றால் அவ்வளவு தண்ணீர் எங்கேயிருந்து வந்தது? எப்படிப் பார்த்தாலும் நான் எழுதியது பிழை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. ஃபேர்னஸ் எரிந்து வரும் புகை புகைபோக்கியால் வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பினால் முதலில் யன்னல்தான் வியர்க்கும். அந்தப் புகையோடு காபனோரொட்சைட்டும் வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, தலையிடியும் நித்திரையும் மட்டும் தரும் நஞ்சு. பலகையால் ஃபேர்னஸை இறுக்கி மூடி, யன்னல்களுக்கும் பிளாஸ்ரிக் ஒட்டினால் அந்த நெருப்பு மூச்சுவிட வழியேது? இதெல்லாம் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். நான் சப்பாத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

சான்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். நேசன் இரண்டாவது வேலைக்குப் போய்விட்டார். முன்கதவிலும் ஆளில்லை, பக்கக் கதவிலும் ஆளில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடி, கிரேக்க அம்மாவின் தொலைபேசியில் தீயணைப்புப் படைக்குச் சொன்னேன். அந்த நாளில் எங்கள் கையில் செல்போன் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார்.

அந்தக் கால வீடுகளில் பக்கக் கதவுக்கு அருகே சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு. பால்காரர் போத்தலை வெளியிலிருந்து வைப்பார், வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எடுப்பார். இந்த வீட்டில் அதை அடைக்காமல் விட்டிருந்தார்கள். பனியில் முழங்காலில் நின்று இரண்டு கதவையும் தள்ளித் திறந்து, அதற்குள் வாயை வைத்துக் கத்தினேன்.

"உள்ளுக்கு ஆரும் இருந்தா வெளியிலை வாங்கோ. உதுக்குள்ளை இருக்காதேங்கோ, செத்துப் போவியள்."

பதில் இல்லை. இன்னொரு தரம் கத்தினேன். அப்போது கீழேயிருந்து ஒரு பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது. உடனே அது நின்றுபோயிற்று. யாரோ நிற்பாட்டினதுபோல நின்றது.

சம்மதமில்லாமல் ஒருவருடைய வீட்டுக்குள் போக எனக்கு அதிகாரம் இல்லை. கதவை உடைத்தால் வேலை போகும், உள்ளே ஒன்றும் இல்லையென்றால் வழக்கும் வரும். தீயணைப்பு வண்டியின் சத்தம் இன்னும் கேட்கவில்லை. நான் பெரிய துணிச்சல்காரன் இல்லை, எனக்கும் வீடும் பிள்ளைகளும் இருந்தன. அந்த இடத்தில் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. கிரேக்க அம்மா தன் கையிலிருந்த பனி அள்ளும் சவளை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கதவின் கண்ணாடியை உடைத்தேன்.

கீழே அந்தப் பூட்டிய அறையின் கதவைக் கையால் அறைந்தேன். நேரமெடுத்துத்தான் உள்ளேயிருந்து திறந்தது. உள்ளே ஒரு பெண்ணும் இரண்டு பெண் பிள்ளைகளும். மூத்தவளுக்கு ஆறு வயதிருக்கும், சின்னவளுக்கு மூன்று. அந்த அறைக்கு யன்னலே இல்லை. கட்டிலில் கிடந்த மூத்தவள் எங்களைப் பார்த்தாள், ஆனால் எழும்பவில்லை. அந்தப் பெண் ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள், மறுகையால் ஒரு பிளாஸ்ரிக் கோப்புறையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதற்குள் இருந்தவை அவர்களுடைய அகதிக் கோரிக்கைப் பத்திரங்கள் என்று பிறகு தெரிந்தது.

"எங்களை எழுதாதேங்கோ அண்ணை" என்றாள்.

மூத்தவளை நான் தூக்கினேன். கிரேக்க அம்மா எப்படியோ கீழே வந்து சின்னவளைத் தூக்கினார். அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்று பேரின் காலிலும் ஒன்றும் இல்லை. அவர்களுடைய சப்பாத்துகளெல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பைக்குள் கட்டி, அந்த அறைக் கதவுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தன. கல்யாண வீட்டில் நான் சொன்ன கதை வெக்ஸ்போர்ட் முழுவதும் போயிருந்தது. தமிழ் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் சப்பாத்தை ஒளி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

வண்டி வந்தது. தீயணைப்பு வீரர்கள் கருவியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோரையும் தெருவின் மறுகரைக்குத் துரத்தினார்கள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால், என்று ஒருவர் தொடங்கி, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். மூவரும் பிழைத்தார்கள்.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு உத்தரவு எழுத வேண்டியவனும் நான்தான். பேஸ்மென்றில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று எழுதினேன். மாரி நடுவில் அந்தக் குடும்பத்துக்கு வீடில்லாமல் போயிற்று. நேசன் என் அலுவலகத்துக்கு வந்து, கதிரையில் இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஃபேர்னஸைப் பலகை அடித்து மறைத்தவர் அவரேதான். பிள்ளைகளுக்குச் சுட்டுவிடக்கூடாது என்று செய்தேன் என்றார். நான் நம்பினேன். அந்த நஞ்சு மேலே ஏறியிருந்தால் அவருடைய குடும்பமும் போயிருக்கும். சனம் வேறு மாதிரிப் பேசிற்று. தேத்தண்ணி குடித்த வீட்டுக்கே எதிராக எழுதிக் கொடுத்தவன் என்று கோயிலில் என் காதுபடவே சொன்னார்கள். நகரசபை எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் தந்தது. மூன்று உயிர்களைக் காப்பாற்றியதாக அதில் எழுதியிருந்தது. முற்பகலில் நான் எழுதிய அறிக்கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கக்கேடுதான். இன்றைக்குச் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அவர்களைப் பார்க்கப் போனேன். வீடில்லாத குடும்பங்களை அப்போது நெடுஞ்சாலையோர மோட்டல்களில் வைத்திருந்தார்கள். ஒரே அறை, இரண்டு கட்டில், யன்னலுக்கு வெளியே லொறிகள். அவளுடைய பெயர் ஜெயராணி, மன்னார்ப் பக்கம். கணவருக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அந்த நேரம் அங்கே போயிருந்தார். சின்னவள் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு ஆறிற்று. மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஜெயராணி எனக்குத் தேத்தண்ணி போட்டாள். நான் வேண்டாமென்றேன், அவள் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு மூன்று நாளாகத் தலையிடி, சளிக்காய்ச்சல் என்று நினைத்து மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் வைத்திருந்தாளாம். பேச்சு அப்படியே போய், முதல் தடவை நான் வந்ததற்கு வந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்கள் கதவிலை தட்டேக்கை சின்னவள் தலையிடியிலை அழத் தொடங்கினவள். நான் வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். ஒருத்தரும் இல்லை, சரி எண்டு நீங்கள் சொன்னது கேட்டது. மாதாவே, உமக்கு நன்றி எண்டு சொன்னனான் அண்ணை."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். திரும்பி வந்து பால் பெட்டிக்குள்ளால் கத்தினேனே, அது கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டது. பிடிச்சுக்கொண்டு போக ஆக்களோடை வந்திருக்கிறீங்கள் எண்டு நினைச்சன். வாற மாசம் எங்கடை கேஸ். நீங்கள் பேரை எழுதினா அது நேரே இமிக்ரேஷனுக்குப் போகும் எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "இப்ப கேஸுக்கு ஏதும் பிழை வருமோ?"

நான் அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். நான் இமிக்ரேஷன் ஆள் இல்லை, நகரசபை ஆள், யன்னலும் குப்பையும் பார்க்கிறவன், உங்கள் பெயரை நான் எவருக்கும் அனுப்புவதில்லை, அனுப்பவும் முடியாது என்று சொன்னேன். சொல்லி முடிக்கப் பத்து விநாடிதான் எடுத்தது. அவள் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உதை அண்டைக்குக் கதவடியிலை நிண்டு சொல்லியிருந்தா, நானே திறந்திருப்பனே அண்ணை."